கிரேக்க வேர்களைத் தேடி ஒரு படிப்பு: முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: எம்.எஸ்சி. ஆலோசனை உளவியல் முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு பள்ளியில் இரண்டு ஆண்டுகளாக ஆலோசகராக வேலை பார்க்கிறேன். வந்தவர்மேல் தீர்ப்புச் சொல்லாமல் காது கொடுக்கும், அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் வழிமுறைதான் எனக்கு மனதுக்கு நெருக்கமானது. மனிதநேய ஆலோசனையின் பண்டைய கிரேக்க வேர்களை அந்தந்த இடத்துக்கே கூட்டிப்போய்க் கற்பிக்கும் இரண்டு வாரக் கோடைப் படிப்பு ஒன்றைப் பார்த்தேன். கட்டணம் 3,800 யூரோ. ஆறு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ரோஜர்ஸுக்கும் சாக்ரடீஸுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? போகலாமா? திரும்பி வந்தால் வேலைக்கு உதவுமா? – ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சேர்த்து வைத்த பணம் அதில்தான் மாட்டியிருக்கிறது.

கிரேக்கத்தில் இரண்டு வாரமோ ஒரு பருவமோ படிப்பதால் தொழில் உரிமம் எதுவும் கிடைக்காது. நம் நாட்டில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்ய இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்றுக்கொண்ட படிப்பு வேண்டும். ஆலோசகர்களும் மற்ற உளவியலாளர்களும் 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வருகிறார்கள். இரண்டுமே பாடத்திட்டத்தையும் மேற்பார்வையில் செய்த பயிற்சி நேரத்தையும் பார்ப்பவை. பழைய அப்போலோ கோயில் இருக்கும் டெல்ஃபியில் உட்கார்ந்து படித்த தத்துவம் அந்தக் கணக்கில் சேராது. குறுகிய காலச் சான்றிதழை எந்தப் பட்டத்துக்கும் இணையாகக் காட்டவும் முடியாது. உங்கள் நோக்கம் வெளிநாட்டில் ஆலோசகராவதுதான் என்றால் பாதை வேறு. எடுத்துக்காட்டாக, பிரிட்டனில் பிஏசிபி என்ற ஆலோசகர் சங்கம் அங்கீகரித்த படிப்பில் குறைந்தது 100 மணி நேரமாவது நேரடியாகக் கிளையன்ட்டுகளைப் பார்த்திருக்க வேண்டும், அதுவும் மேற்பார்வையோடு. ரோஜர்ஸின் நபரை மையப்படுத்திய முறையை அதன் முழு ஒழுங்கோடு கற்க நினைப்பவர்கள் அங்கேதான் போக வேண்டும். ஏதென்ஸ் அதற்கான இடம் இல்லை.

அப்படியானால் ஏன் போக வேண்டும்? நீங்கள் தினமும் செய்யும் வேலையின் அடியில் கிடக்கும் சொற்களும் எண்ணங்களும் எங்கே முளைத்தன, எங்கே திசை மாறின என்று தெரிந்துகொள்வதற்கு. இதை நான் மிக மதிப்புள்ள காரணமாகவே நினைக்கிறேன். ஆனால் தொழிற்பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குச் செலவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு கணக்குகள்.

இனி வேர் பற்றி. விளம்பரங்களில் சாக்ரடீஸிலிருந்து ரோஜர்ஸ் வரை ஒரே கோடாக இழுத்திருப்பார்கள். அந்தக் கோடு அவ்வளவு நேரானது இல்லை. ரோஜர்ஸ் தன்னை உருவாக்கியதாகச் சொன்னவர்களில் உளப்பகுப்பாளர் ஓட்டோ ரேங்க் இருக்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது வந்து சேர்ந்த, அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயியின் கல்விச் சிந்தனை இருக்கிறது. பிறகு டென்மார்க் தத்துவவாதி கீர்க்கெகார்ட் இருக்கிறார். சிகாகோவில் தன்னிடம் படித்த இறையியல் மாணவர்கள் வற்புறுத்தியதால்தான் அவரைப் படிக்க ஆரம்பித்ததாக ரோஜர்ஸே எழுதியிருக்கிறார். அந்தக் கீர்க்கெகார்ட் 1841இல் எழுதிய ஆய்வேடு சாக்ரடீஸைப் பற்றியது. ஆக, சாக்ரடீஸின் சிந்தனை ரோஜர்ஸை வந்தடைந்திருந்தால் அது கோபன்ஹேகன் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. நேரடியாகக் காட்டக்கூடிய தொடர்பு வேறொரு ஆலோசனை மரபில் இருக்கிறது. மனிதர்களைக் கலக்குவது நிகழ்வுகள் இல்லை, நிகழ்வுகளைப் பற்றிய அவர்களுடைய எண்ணங்களே என்று ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸின் கையேட்டில் ஐந்தாம் பகுதி சொல்கிறது. 1950களின் நடுவில், எண்ணங்களைச் சோதித்து மாற்றும் தன் சிகிச்சை முறையை உருவாக்கிய உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் இந்த வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். அவரை மனிதநேய மரபின் நடுவில் உட்கார வைக்க முடியாது. கிரேக்கத்தோடு நேரடி உறவுள்ளவர் உங்கள் மரபின் ஓரத்தில் இருக்கிறார், உங்கள் மரபின் ஆசான் ரோஜர்ஸுக்கோ உறவு சுற்றுவழியில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் வகுப்பில் நல்ல கேள்விகள் கேட்பீர்கள்.

சொற்களும் ஏமாற்றும். ‘எம்பதி’ பழைய கிரேக்கச் சொல் போலத் தோன்றும். ஆங்கிலத்தில் அது 1909இல் டிச்சனர் என்ற உளவியலாளர் ஒரு ஜெர்மன் சொல்லை மொழிபெயர்க்கச் செய்துகொண்ட சொல். இன்றைய ஏதென்ஸில் ஒரு கிரேக்க ஆலோசகரிடம் ‘எம்பாத்தியா’ என்று சொல்லிப் பாருங்கள், அவருக்குக் காழ்ப்பு, வன்மம் என்ற பொருள்தான் முதலில் தோன்றும். நாம் ஒத்துணர்வு என்று சொல்வதற்கு அவர்கள் ‘என்சினெஸ்திசி’ என்கிறார்கள். ‘தெரபி’யின் மூலமான ‘தெரபெய்யா’ அப்படி இல்லை, அது உண்மையிலேயே பழையது. கடவுளுக்குச் செய்யும் தொண்டு, நோயாளிக்குச் செய்யும் பணிவிடை, பராமரிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். குணப்படுத்துவது என்ற பொருளுக்கு முன்பே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது என்ற பொருள் அதில் இருந்தது. ரோஜர்ஸுக்கு மிக அருகில் வரும் கிரேக்கச் சொல் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்தும் ஒரு பகுதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சாக்ரடீஸோடு பழகிய செனொஃபோன் எழுதிய சாக்ரடீஸ் நினைவுக் குறிப்புகளில் நான்காம் புத்தகம், இரண்டாம் அத்தியாயம். யூதிடெமஸ் என்ற இளைஞன். நிறைய ஏடுகள் சேர்த்து வைத்திருப்பவன், தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பவன். வயது போதாததால் அகோராவுக்குள், அதாவது ஊர்ச் சந்தைத் திடலுக்குள், போய்ப் பழகாமல் பக்கத்திலுள்ள ஒரு கடிவாளக் கடையில் உட்கார்ந்திருப்பான். சாக்ரடீஸ் அவனைத் தன்னிடம் வரச் சொல்லவில்லை. அந்தக் கடைக்கு இவரே போகிறார். பள்ளி ஆலோசகர் ஒருவர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். நமக்குத் தனி அறை இருக்கிறது, கதவு இருக்கிறது, வகுப்பாசிரியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு பிள்ளை வந்து நிற்கிறது.

பேச்சு வளர்கிறது. டெல்ஃபிக்குப் போயிருக்கிறாயா என்று கேட்கிறார். இரண்டு முறை போயிருக்கிறேன் என்கிறான். ‘உன்னையே அறிந்துகொள்’ என்று கோயிலில் எழுதியிருப்பதைப் பார்த்தாயா, அதைப் பற்றி யோசித்தாயா என்கிறார். பார்த்தேன், யோசிக்கவில்லை, அது எனக்குத் தெரிந்ததுதானே என்பது அவன் பதில். அங்கிருந்து ஒவ்வொரு கேள்வியாக அவன் பிடிமானத்தை எல்லாம் கழற்றுகிறார். கடைசியில் தன்னையே வெறுத்துக்கொண்டு, தான் எதற்கும் தகுதியற்றவன் என்ற மனநிலையில் எழுந்து போகிறான். அடுத்து வரும் வரியில்தான் செனொஃபோன் நமக்கு வேண்டியதைச் சொல்கிறார்: சாக்ரடீஸ் இப்படி ஆளாக்கியவர்களில் பலர் அதன் பிறகு அவர் பக்கமே வரவில்லை. யூதிடெமஸ் மட்டும் திரும்பி வந்தான். வந்த பிறகு சாக்ரடீஸ் அவனைக் குழப்புவதை விட்டுவிட்டு, தெரிந்ததை எளிமையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

முதல் அமர்வோடு காணாமல் போகிறவர்களைப் பற்றி 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட குறிப்பு இது. இதைப் படித்த பிறகு சாக்ரடீஸும் ரோஜர்ஸும் ஒன்று என்று யாரும் சொல்ல முடியாது. பிளேட்டோவின் தியேட்டிடஸ் என்ற உரையாடல் நூலிலும் இதே வேறுபாடு தெரிகிறது. அங்கே சாக்ரடீஸ் தன் தாயைப் போலத் தானும் ஒரு மருத்துவச்சி என்கிறார்: தன்னிடம் சொந்த ஞானம் இல்லை, பிறர் மனதில் கருவானதை வெளியே கொண்டுவர உதவுவது மட்டுமே தன் வேலை. மனிதநேய ஆலோசகர்கள் இதுவரைக்கும் மேற்கோள் காட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். சாக்ரடீஸ் நிறுத்தவில்லை. பிறந்தது உயிருள்ளதா கூமுட்டையா என்று சோதிப்பதுதான் தன் கலையில் பெரிய பகுதி, கூமுட்டை என்றால் தூக்கி எறிந்துவிடுவேன், தலைச்சன் பிள்ளையைப் பறிகொடுத்தவள் போல என்மேல் கோபப்படக் கூடாது என்கிறார். ரோஜர்ஸின் அறையில் எது கூமுட்டை என்று ஆலோசகர் தீர்ப்புச் சொல்வதில்லை. 1957இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் நிபந்தனைகளில் ஒன்று, வந்தவரை நிபந்தனையின்றி மதிப்பது. வேர் ஒன்றாக இருக்கலாம், ஆனால் மரம் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. நீங்கள் கிரேக்கத்துக்குப் போய் ஆராய வேண்டியது இந்தப் பிரிவைத்தான்.

ஆகவே ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். ‘கிரேக்க வேர்கள்’ என்பது கேள்வி ஆகாது, அது ஒரு தலைப்பு. ‘மனம் திறக்காத பதின்வயதுப் பிள்ளையிடம் கேள்வி கேட்பது எந்தப் புள்ளியில் உதவியாக இருந்து காயமாக மாறுகிறது’ என்பது கேள்வி. இதை வைத்துக்கொண்டால் எதைப் படிப்பது, எந்த இடத்தில் ஒரு நாள் முழுக்க நிற்பது, எதை விடுவது எல்லாம் தானாக முடிவாகிவிடும்.

கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே படிக்கத் தொடங்குங்கள். யூதிடெமஸ் அத்தியாயம், பிளேட்டோவின் தற்காப்புரை, தியேட்டிடஸில் 148 முதல் 151 வரை, பிளேட்டோவின் இன்னொரு உரையாடலான சார்மிடிஸில் 155 முதல் 157 வரை, எபிக்டெட்டஸின் கையேடு (53 சிறு பகுதிகள், ஒரு மாலைப் பொழுது போதும்), அரிஸ்டாட்டிலின் நிகோமகியன் அறவியலில் நட்பைப் பற்றிய 8, 9ஆம் புத்தகங்கள். இவ்வளவு போதும். நான் சொன்ன பிளேட்டோ எண்கள் பக்க எண்கள்தான், ஆனால் 1578இல் அச்சான ஒரு பதிப்பின் பக்கங்கள். எல்லா நல்ல மொழிபெயர்ப்புகளின் ஓரத்திலும் இவை இருக்கும். ஓரத்தில் எண் இல்லாத மலிவுப் பதிப்பை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வகுப்பில் இடம் தெரியாமல் திண்டாடுவார்கள். பெர்சியஸ் என்ற இலவச மின்னூலகத்தில் கிரேக்க மூலமும் ஆங்கிலமும் சேர்ந்தே கிடைக்கும். 24 எழுத்துகளையும் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்தில் வந்துவிடும். இலக்கணம் வராவிட்டாலும் அகராதியில் ஒரு சொல்லைத் தேடவும், கல்லில் ஒரு பெயரை அடையாளம் காணவும் முடியும்.

இடங்களைப் பொறுத்தவரை, ஏதென்ஸின் பண்டைய அகோராவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். பெரும்பாலான குழுக்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். தென்மேற்கு மூலையில் கி.மு. 500 வாக்கில் நட்ட எல்லைக்கல் ஒன்று நட்ட இடத்திலேயே நிற்கிறது. ‘நான் அகோராவின் எல்லை’ என்று அந்தக் கல்லே பேசுவது போல எழுதியிருக்கும். யூதிடெமஸ் தாண்டத் தயங்கிய கோடு இந்த மாதிரிக் கற்களால் குறிக்கப்பட்டதுதான். கல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய வீட்டின் அடித்தளம் கிடக்கிறது. தோண்டியபோது செருப்பில் அடிக்கும் இரும்பு ஆணிகளும், எலும்பில் செய்த வளையங்களும், சைமன் என்ற பெயர் கீறிய கிண்ணத்தின் அடிப்பாகமும் கிடைத்தன. சாக்ரடீஸ் போய் உட்கார்ந்து பேசிய சைமன் என்ற செருப்புத் தைப்பவரின் கடை இதுதான் என்று பலர் கருதுகிறார்கள். அந்த ஆணிகளை அங்குள்ள அட்டலோஸ் மண்டப அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இது செருப்புக் கடை, செனொஃபோன் சொல்வது கடிவாளக் கடை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் எல்லைக்கல், கடை, வீதி எவ்வளவு நெருக்கம் என்பதை அங்கே நின்றால்தான் உணர முடியும்.

அக்ரோபோலிஸின் தெற்குச் சரிவில் டயனைசஸ் நாடக அரங்கும், கி.மு. 420 வாக்கில் நிறுவிய, மருத்துவக் கடவுள் அஸ்கிளீப்பியஸின் சிகிச்சைக் கோயிலும் ஒன்றை ஒன்று ஒட்டி இருக்கின்றன. துன்பியல் நாடகம் பார்த்து அழும் இடமும் நோய் தீர உறங்கும் இடமும் பக்கத்துப் பக்கத்தில். எல்லோரும் மேலே பார்த்தெனான் கோயிலுக்கு ஓடுகையில் இது கவனிப்பாரற்றுக் கிடக்கும்.

அஸ்கிளீப்பியஸின் இன்னொரு சிகிச்சைத் தலமான எபிடாரஸில் அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து ஒலியைச் சோதித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அருங்காட்சியகத்தில் கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன, குணமானவர்களின் கதைகளைக் கோயிலே வெட்டி வைத்தது. அவற்றில் ஏதென்ஸைச் சேர்ந்த அம்ப்ரோசியா என்ற பெண். ஒரு கண் தெரியாது. முடவர் நடப்பதும் குருடர் பார்ப்பதும் வெறும் கனவிலா என்று சிரித்தவள். இரவில் கோயிலில் உறங்கும்போது கடவுள் கனவில் வந்து, குணமாக்குகிறேன், ஆனால் உன் அறியாமையின் நினைவாக வெள்ளிப் பன்றி ஒன்று காணிக்கை வைக்க வேண்டும் என்கிறார். நம்பாதவளையும் வெளியே அனுப்பவில்லை, ஆனால் சிரித்ததற்கு விலை கேட்கிறார். நிபந்தனையற்ற ஏற்பைப் பற்றி விவாதிக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

டெல்ஃபியில் ‘உன்னையே அறிந்துகொள்’ என்ற எழுத்தைத் தேடாதீர்கள், இப்போது அங்கே இல்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாசனியஸ் என்ற பயண எழுத்தாளர் கோயில் முன்மண்டபத்தில் அதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அதற்குப் பழைய பொருள் ‘உள்ளே போய் உன்னைத் தேடு’ என்பதும் இல்லை. ‘நீ மனிதன், கடவுள் இல்லை, உன் அளவைத் தெரிந்துகொள்’ என்பதுதான். வழிகாட்டி இதை மறந்து சுயத்தைக் கண்டடைவது பற்றிப் பேசினால் அவர் இருபதாம் நூற்றாண்டைப் பேசுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கொரிந்தில் ஆன்டிஃபோன் என்பவர் சந்தைக்குப் பக்கத்தில் அறை எடுத்து, துயரத்தைச் சொற்களால் தீர்ப்பதாக அறிவித்தார் என்ற கதையும் அப்படித்தான். ‘உலகின் முதல் ஆலோசனை மையம்’ என்பார்கள். மிகப் பிற்காலத்துக் குறிப்பு ஒன்றுதான் ஆதாரம், அதுவே அவர் அந்தத் தொழிலை விட்டுவிட்டதாகவும் சொல்கிறது.

அந்த இரண்டு வாரப் படிப்பைப் பற்றி இனி. மூன்று அமெரிக்கக் கிரெடிட் தருவதாகச் சொன்னால், வழக்கமாக அது ஏறத்தாழ 45 வகுப்பு நேரம். பயண நாட்களைக் கழித்துப் பத்து நாள் என்றால் தினம் நாலரை மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். நாள்வாரி அட்டவணை கேளுங்கள். பேருந்துப் பயணத்தையும் கடற்கரையையும் பாட நேரமாக எண்ணியிருந்தால் அது சுற்றுலா. சுற்றுலா தவறில்லை, ஆனால் 3,800 யூரோ அதற்கு அதிகம். ஐரோப்பியக் கிரெடிட் என்றால் ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. மதிப்பெண் பட்டியலைத் தருவது பல்கலைக்கழகமா, ஏற்பாட்டாளரா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, நான் மிக முக்கியமாக நினைப்பது. இப்படிப்பட்ட படிப்புகளில் மாலையில் வட்டமாக உட்கார்ந்து சொந்த வாழ்க்கையைப் பகிரும் அனுபவக் குழு இருக்கும். அதை நடத்துபவரே உங்களுக்கு மதிப்பெண் போடுபவரா? அப்படியானால் அது இரட்டை உறவு, நம் தொழில் நெறிக்கே முரணானது. கலந்துகொள்ளாமல் இருக்க உரிமை உண்டா, பேசியது வெளியே போகாது என்பதற்கு என்ன ஏற்பாடு, ஒருவர் மனமுடைந்து போனால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். தெரியாத ஊரில், ஒரே விடுதியில், பதினான்கு நாளும் அதே முகங்களோடு இருக்கும்போது திறந்த காயத்தோடு தனியாக நிற்க நேரும்.

விசா: இரண்டு வாரத்துக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசா போதும். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வாங்கியதாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சிக்கலானால் 45 நாள் வரை ஆகும். கோடைக்கு நேரம் கிடைப்பதே கடினம், ஆகவே மார்ச்சிலேயே தொடங்குங்கள். விண்ணப்பம் அடிபடுவது பெரும்பாலும் வங்கிக் கணக்கில் கடைசி வாரத்தில் மொத்தமாகப் பணம் போடுவதாலும், அழைப்புக் கடிதத் தேதியும் தங்குமிடத் தேதியும் பொருந்தாததாலும்தான். பள்ளியிலிருந்து விடுமுறை அனுமதிக் கடிதம் வாங்கி வையுங்கள், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு அது நல்ல சான்று. ஒரு பருவம் முழுக்கப் படிக்க ஆசைப்பட்டால் கவனம்: 15 வாரம் என்பது 105 நாள். குறுகிய கால விசா பற்றாது, நீண்ட காலத் தேசிய விசா வேண்டும்.

செலவில் எல்லோரும் விட்டுவிடுவது சில. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தங்குமிடத்தில் அறை வாடகைக்கு மேல் பருவநிலைக் கட்டணம் வாங்குவார்கள்: இரண்டு நட்சத்திரம் வரை இரவுக்கு 2 யூரோ, குறுகிய கால வாடகை வீடுகளுக்கு 8. அக்ரோபோலிஸ் நுழைவு 2025 முதல் 30 யூரோ. முன்பு பல இடங்களுக்குச் சேர்த்துக் கொடுத்த சீட்டு இப்போது இல்லை. யூரோ இன்று நூறு ரூபாய்க்குச் சற்று மேல். உங்கள் படிப்புக் கட்டணமே நாலு லட்சத்தைத் தொடும், விமானச் சீட்டும் மற்றச் செலவுகளும் சேர்ந்தால் ஆறில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

எனக்குச் சரியாகப் படுவது வேறு ஒரு வழி. அவசரம் இல்லையென்றால் கோடையை விட்டுவிட்டு நவம்பர் அல்லது மார்ச்சில் நீங்களே பத்து நாள் போய் வாருங்கள். அந்த மாதங்களில் முதல் ஞாயிறு அரசுத் தொல்லியல் இடங்களுக்கு நுழைவு இலவசம். ஜூலையில் வெயில் மிஞ்சினால் நண்பகலில் அக்ரோபோலிஸை மூடிவிடுகிறார்கள், நவம்பரில் அந்தத் தொல்லை இல்லை. அகோராவுக்கு ஒரு முழு நாள், எபிடாரஸுக்கு ஒன்று, டெல்ஃபிக்கு ஒரு இரவு தங்கி இரண்டு நாள். டெல்ஃபி ஏதென்ஸிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரம், காலையில் போய் மாலையில் திரும்பினால் கோயிலையும் அருங்காட்சியகத்தையும் ஓட்டமாக ஓடித்தான் பார்க்க முடியும். மிச்சமாகும் பணத்தை நபரை மையப்படுத்திய முறையில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் ஓராண்டு மேற்பார்வைக்குக் கொடுங்கள். யூதிடெமஸைப் பற்றி நீங்கள் எழுதி வைத்த குறிப்பும் அடுத்த வாரம் உங்கள் அறைக்கு வரப்போகும் பிள்ளையும் சந்திப்பது அந்த மேற்பார்வையில்தான்.

இல்லை, ஆசிரியரோடும் சக மாணவர்களோடும் சேர்ந்து படித்தால்தான் எனக்கு ஏறும் என்றால், அதுவும் நியாயமே. அப்போது அட்டவணை, மதிப்பெண் பட்டியல் தருபவர், அனுபவக் குழுவை நடத்துபவர், விசா மறுத்தால் முன்பணம் திரும்புமா என்ற நான்கையும் ஒரே மின்னஞ்சலில் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். நான்குக்கும் எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.